சீரத்தில் மெத்தோட்ரெக்சேட்டை எலக்ட்ரோடால் அளப்பது எப்படி: மருந்து இல்லாத சீரத்திலிருந்து தொடங்குங்கள்

பஃபரில் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசலில்) மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தைக் கரைத்து, ஒரு கார்பன் எலக்ட்ரோடை உள்ளே விட்டு, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் மின்னோட்டத்தில் ஒரு பீக் வந்துவிடும். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ப்ராஜெக்ட் செய்ய வரும் எம்.எஸ்சி. மாணவரே கொஞ்ச நாளில் அழகான நேர்கோடு ஒன்றைப் போட்டுக் காட்டிவிடுவார். பஃபர் இருந்த இடத்தில் ரத்த சீரம் வரும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. அதனால் இங்கே வழக்கமான வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். முதலில் மருந்தே இல்லாத சீரத்தை அளந்து பாருங்கள், மருந்து அப்புறம்.

வோல்ட்டாமெட்ரி (மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறை) ஓரளவு தெரிந்த, அதற்கான கருவியான பொட்டென்ஷியோஸ்டாட்டில் கை பழகிய ஆய்வு மாணவர்களுக்காக எழுதுகிறேன். இதை வைத்து எந்த நோயாளிக்கும் மருந்தளவு முடிவு செய்யக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் இந்த மருந்து

டாக்ஸோரூபிசின், 5-ஃப்ளோரோயுராசில், இமாட்டினிப் என்று எலக்ட்ரோடில் பதில் தரும் புற்றுநோய் மருந்துகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ரத்தத்தில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய மருந்து என்று பார்த்தால் மெத்தோட்ரெக்சேட்தான் முதலில் வரும். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினாலே அதை உயர் அளவு சிகிச்சை என்பார்கள், எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமாவுக்கு 12 கிராம் வரை ஏற்றுகிறார்கள். பின்னாலேயே லூகோவோரின் கொடுத்து நல்ல செல்களைக் காப்பாற்றாவிட்டால் அந்த அளவு ஆளையே கொன்றுவிடும். நான்கைந்து மணி நேரத்தில் ஏற்றி முடிக்கும் முறையில், சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் 24 மணி நேரத்தில் சுமார் 10 மைக்ரோமோலார், 48-ல் சுமார் 1, 72-ல் 0.2-க்குக் கீழே என்று இறங்க வேண்டும். 0.1 அல்லது 0.05-க்குக் கீழே போகும்வரை பல இடங்களில் லூகோவோரினை நிறுத்த மாட்டார்கள்.

ஒரு சின்னச் செய்தி, விஷயத்துக்கு நேராகத் தேவையில்லை என்றாலும். சிட்னி ஃபார்பர் 1948-ல் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமினோப்டெரின், அதன் உடன்பிறப்பான இந்த மெத்தோட்ரெக்சேட் இரண்டும் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் எல்லப்ரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய குழுவிலிருந்து வந்தவை. பீமாவரத்தில் பிறந்த அந்த மனிதர் மருத்துவம் படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில்.

மருந்தை எடுப்பதற்கு முன் ஒரு பெருக்கல் கணக்கு

பல ஆய்வுக் கட்டுரைகளில் "சீரத்தில் வெற்றிகரமாக அளந்தோம்" என்று இருக்கும். செய்முறைப் பகுதிக்குப் போய்ப் பார்த்தால் சீரத்தை ஐம்பது மடங்கோ நூறு மடங்கோ பஃபரில் நீர்த்து, அதற்கு மேல் மருந்தைச் சேர்த்து அளந்திருப்பார்கள். நூறு மடங்கு நீர்த்த சீரம் கிட்டத்தட்ட பஃபர்தான். நோயாளியின் மாதிரியில் மருந்தும் சேர்ந்தே நூறு மடங்கு நீர்த்துப்போகும் என்பதை அந்தக் கட்டுரை பேசாது.

நான் சொல்லப்போகும் முறையில் எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று இப்போதே போட்டுப் பாருங்கள். 200 மைக்ரோலிட்டர் சீரத்தோடு 400 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் சேர்த்தால் மூன்று மடங்கு. மேலே தெளிந்து நிற்பதில் 300 மைக்ரோலிட்டரை எடுத்து 2.7 மில்லிலிட்டர் பஃபரில் விட்டால் இன்னொரு பத்து மடங்கு. மொத்தம் முப்பது. நோயாளியின் சீரத்தில் 1 மைக்ரோமோலார் இருந்தால் எலக்ட்ரோடுகள் நிற்கும் உங்கள் மின்வேதிச் செல்லில் 33 நானோமோலார்தான் இருக்கும், 0.1 இருந்தால் வெறும் 3.3 நானோமோலார். அதே சீரத்தில் யூரிக் அமிலம் 300 மைக்ரோமோலார் இருப்பது சாதாரணம், அது செல்லுக்குள் 10 மைக்ரோமோலாராக வந்து நிற்கும். அதாவது அந்த 0.1 அளவில், நீங்கள் தேடும் மருந்தைவிட மூவாயிரம் மடங்கு யூரிக் அமிலம் பக்கத்திலேயே நிற்கிறது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் தெம்பு இருந்தால் மேலே படியுங்கள்.

எலக்ட்ரோடு

3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிளாஸி கார்பன், வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பு எலக்ட்ரோடு, பிளாட்டினம் கம்பி. இது போதும். தேய்க்கும் துணியில் அலுமினா வைத்து 1, 0.3, 0.05 மைக்ரான் என்று இறங்கி, எட்டு வடிவத்தில் தேய்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் நன்றாகக் கழுவி, கடைசியில் எத்தனால்–தண்ணீர் கலவையில் ஒரு நிமிடம் சோனிகேட் செய்யுங்கள். அலுமினாத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே பின்னணி மின்னோட்டத்தை ஆட்டிவைக்கும். அப்புறம் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஃபெர்ரிசயனைடு போட்டு ஒரு சைக்ளிக் வோல்ட்டாமோகிராம் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி எடுக்கும் வரைபடம்) ஓட்டுங்கள். இரண்டு பீக்குகளுக்கும் உள்ள இடைவெளி ஏட்டளவில் 59 மில்லிவோல்ட், கையில் 70–80 வந்தால் நல்ல எலக்ட்ரோடு. 120 வந்தால் மறுபடி தேய்க்கப் போங்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வெறும் கிளாஸி கார்பனில் நானோமோலார் வரை இறங்குவது கடினம், அதனால்தான் எல்லோரும் கார்பன் நானோகுழாய், கிராஃபீன் என்று ஏதாவது பூசுகிறார்கள். டைமெத்தில்ஃபார்மமைடில் மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பல்சுவர் நானோகுழாயைக் கலக்கி, அதில் 5 மைக்ரோலிட்டரை எலக்ட்ரோடின் மேல் விட்டு விளக்கின் கீழ் உலர்த்தினால் முடிந்தது. மெத்தோட்ரெக்சேட்டின் வளையங்கள் தட்டையானவை, அந்தப் பரப்பில் போய் நன்றாக ஒட்டிக்கொள்ளும். இதற்கு மேல் தங்கத் துகள், உலோக ஆக்சைடு, பாலிமர் என்று அடுக்கிக்கொண்டே போவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பூச்சு ஒவ்வொன்றும் கூடக்கூட, நாளைக்கு அதே எலக்ட்ரோடை அதே மாதிரி செய்ய முடியுமா என்ற கேள்வியும் கூடிக்கொண்டே போகும்.

நாஃபியான் என்ற பாலிமரைப் பூசலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நாஃபியானில் எதிர்மின்சுமை இருக்கிறது, நேர்மின்சுமை உள்ளதை உள்ளே இழுக்கும், எதிர்மின்சுமை உள்ளதைத் தள்ளும். டாக்ஸோரூபிசினுக்கு நடுநிலை பி.எச்.சில் நேர்மின்சுமை, ஆகவே அதற்கு நாஃபியான் பொருந்தும். மெத்தோட்ரெக்சேட்டில் இரண்டு கார்பாக்சில் தொகுதிகள், பி.எச். 7-ல் இரண்டும் எதிர்மின்சுமையோடு நிற்கும். நாஃபியானைப் பூசினால் யூரிக் அமிலத்தோடு சேர்த்து மருந்தையும் வாசலிலேயே நிறுத்திவிடுவீர்கள். வேறொரு மருந்துக்கு எழுதிய செய்முறையை அப்படியே எடுத்துப் போடுவதில் இதுதான் ஆபத்து.

பாதரச எலக்ட்ரோடில் இதே மருந்தை ஒடுக்கத் திசையில், டெரிடின் வளையத்தை ஒடுக்கி, இன்னும் நுட்பமாக அளக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கரைசலில் உள்ள ஆக்சிஜனை நைட்ரஜன் விட்டு வெளியேற்ற வேண்டும், பாதரசக் கழிவு வேறு. ஆக்சிஜனேற்றத் திசையில் போனால் காற்று கரைந்திருப்பது தொல்லை தராது. டாக்ஸோரூபிசினுக்கு அந்த வசதி குறைவு, அதன் குயினோன் பீக் சுமார் −0.6 வோல்ட்டில் வரும், அங்கே ஆக்சிஜன் குறுக்கே நிற்கும்.

மருந்துக் கரைசல்

மஞ்சள் நிறத் தூள். தண்ணீரில் சரியாகக் கரையாது, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் உடனே கரையும். மூலக்கூறு எடை 454.4, ஆகவே 4.54 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் 1 மில்லிமோலார். ஆனால் இந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், தராசு காட்டும் எடை முழுவதும் மருந்து என்று நம்பிவிடாதீர்கள். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் பத்து மடங்கு நீர்த்து 370 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். மோலார் உறிஞ்சல் எண் 7,100, ஆக 100 மைக்ரோமோலார் கரைசல் 1 சென்டிமீட்டர் குவெட்டில் 0.71 காட்ட வேண்டும். 0.64 காட்டினால் உங்கள் ஸ்டாக் (மூலக் கரைசல்) பத்து சதவீதம் குறைவு, இனி வரும் எல்லாக் கணக்கிலும் அந்தப் பத்து சதவீதம் உட்கார்ந்திருக்கும். கண்ணாடிக் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள், வெளிச்சத்தில் சிதையும். மருந்துக் கடையில் வாங்கிய ஊசி மருந்தை ஸ்டாண்டர்டாக (அளவு தெரிந்த ஒப்புக் கரைசலாக) வைத்துக்கொள்ள வேண்டாம், சிலவற்றில் பென்சைல் ஆல்கஹால் போன்ற பதப்படுத்தும் பொருள் இருக்கும்.

தூளை எடை போடும்போது இரட்டைக் கையுறை, முகக்கவசம், காற்று உறிஞ்சும் கூண்டு எல்லாம் கட்டாயம். இது செல்லைக் கொல்லும் மருந்து, கருவையும் பாதிக்கும். கர்ப்பமாக இருக்கும் அல்லது குழந்தைக்குத் திட்டமிடும் தோழி ஆய்வகத்தில் இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்யட்டும்.

சீரம்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வராமல் ஒரு சொட்டு ரத்தமும் எடுக்காதீர்கள், "நண்பன்தானே, அவன் கையிலிருந்து கொஞ்சம்" என்பதும் ஆகாது. தொடக்க வேலைக்கு விலைக்குக் கிடைக்கும் மனித சீரமே போதும். எடுப்பதாக இருந்தால் உறைதடுப்பான் எதுவும் இல்லாத சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, அரை மணி நேரம் உறைய விட்டு, 1,500 ஜி விசையில் பத்து நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள். ஜெல் வைத்த மஞ்சள் மூடிக் குழாய் வேண்டாம், சில மருந்துகளை ஜெல் உறிஞ்சிக்கொள்ளும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது, அளவீட்டுக்கு வேண்டாம், ஆனால் தூக்கிப் போடாமல் தனியாக வையுங்கள், பின்னால் ஒரு சோதனைக்குத் தேவைப்படும்.

அடுத்து புரதம். சீரத்தில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை அல்புமின் மட்டுமே இருக்கிறது. அதை எடுக்காமல் எலக்ட்ரோடை உள்ளே விட்டால் முதல் ஸ்கேனிலேயே பரப்பு மூடிக்கொள்ளும், இரண்டாவது ஸ்கேனில் எல்லா பீக்கும் சுருங்கிவிடும். இன்னொன்று, மெத்தோட்ரெக்சேட்டில் ஏறத்தாழ பாதி அந்த அல்புமினில் ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் சுற்றுகிறது. அதனால் புரதத்தை எப்படி நீக்குகிறீர்கள் என்பதே நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பதையும் தீர்மானித்துவிடும். அசிட்டோநைட்ரைல் ஊற்றிப் புரதத்தைப் படியவைத்தால் ஒட்டியிருந்த மருந்தும் விடுபட்டு மொத்த அளவு கிடைக்கும். 30 கிலோடால்ட்டன் வடிகட்டியில் விட்டுச் சுழற்றினால் ஒட்டாமல் இருந்த பாதி மட்டும் கீழே வரும். மருத்துவமனை தருவது மொத்த அளவு. வடிகட்டி அளந்துவிட்டு, மருத்துவமனை எண்ணோடு ஒப்பிட்டு, "ஐம்பது சதவீதம்தான் மீள்கிறது" என்று குழம்புவதில் அர்த்தமில்லை.

நான் அசிட்டோநைட்ரைல் பக்கம். 200 மைக்ரோலிட்டர் சீரம், 400 மைக்ரோலிட்டர் குளிர்ந்த அசிட்டோநைட்ரைல், அரை நிமிடம் வோர்ட்டெக்ஸ், 10,000 ஜி-யில் பத்து நிமிடம். கீழே வெள்ளையாகக் கட்டி நிற்கும், மேலே கண்ணாடி மாதிரித் தெளிவு. அந்தத் தெளிவில் 300 மைக்ரோலிட்டரைப் படிவு கலங்காமல் எடுங்கள். இதனால் செல்லுக்குள் ஆறேழு சதவீதம் அசிட்டோநைட்ரைல் வந்து சேரும், அது மருந்து எலக்ட்ரோடில் ஒட்டுவதைக் குறைக்கும். பிரச்சினை இல்லை, அதே அளவு அசிட்டோநைட்ரைல் உங்கள் ஸ்டாண்டர்டுகளிலும் இருந்தால் சரி. இல்லையென்றால் நைட்ரஜன் வீசி உலர்த்திவிட்டுப் பஃபரில் கரையுங்கள், நேரம் பிடிக்கும், ஆனால் நீர்த்துப்போகும் மடங்கும் குறையும்.

வெற்று சீரத்தை ஓட்டுங்கள்

இப்போதுதான் முக்கியமான வேலை. மருந்து இல்லாத சீரத்தை மேலே சொன்னபடி தயாரித்து, 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில் விட்டு, 0-விலிருந்து 1.2 வோல்ட் வரை டிஃபரென்ஷியல் பல்ஸ் (மின்னழுத்தத்தைச் சிறு துடிப்புகளோடு படிப்படியாக ஏற்றும் வோல்ட்டாமெட்ரி) ஓட்டுங்கள். பல்ஸ் உயரம் 50 மில்லிவோல்ட், படி 5 மில்லிவோல்ட், பல்ஸ் நேரம் 50 மில்லிநொடி. 1.2-க்கு மேலே போக வேண்டாம், அதற்குப் பிறகு கார்பனும் தண்ணீரும் ஆக்சிஜனேற ஆரம்பித்து அடிக்கோடு மேலே ஏறிவிடும்.

திரையில் என்ன வரும்? இடது பக்கத்திலிருந்து வாருங்கள். 0.3–0.4 வோல்ட்டில் யூரிக் அமிலம் ஒரு மலை மாதிரி நிற்கும், அதன் காலடியில் புதிய சீரமாக இருந்தால் அஸ்கார்பிக் அமிலத்தின் சின்ன மேடு. 0.6–0.8-ல் ட்ரிப்டோஃபேன், டைரோசின், சாந்தீன் எல்லாம் சேர்ந்த ஒரு அகலமான புடைப்பு. 1 வோல்ட்டை ஒட்டி ஹைப்போசாந்தீன். பி.எச்., எலக்ட்ரோடு மாறினால் இவை 0.1–0.2 வோல்ட் அங்கே இங்கே நகரும், வரிசை பெரும்பாலும் இதுதான். மெத்தோட்ரெக்சேட் வருவது 0.8–0.9 வோல்ட்டை ஒட்டி. அதாவது யூரிக் அமிலத்தோடு நேரடி மோதல் இல்லை, அதன் வாலோடும், அந்த அகலமான புடைப்பின் வலது சரிவோடும்தான் மோதல். பஃபரில் மட்டும் வேலை செய்தவர் இந்தச் சரிவைப் பார்த்திருக்கவே மாட்டார்.

வெற்று சீரத்தில் 0.8–0.9-ல் எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவரின் சீரத்தில் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், குறைந்தது ஆறு வெவ்வேறு ஆட்களின் சீரத்தில் பாருங்கள். ஆறு என்பது என் கணக்கு இல்லை, மருந்து விதிகளை நாடுகளுக்குப் பொதுவாக்கும் ஐ.சி.எச். அமைப்பிடமிருந்து 2022-ல் வந்த எம்10 வழிகாட்டியே அதைத்தான் கேட்கிறது. அந்த ஆறு எண்களுக்கும் நடுவே இருக்கும் ஏற்ற இறக்கம்தான் உங்கள் உண்மையான கண்டறிதல் எல்லையைத் தீர்மானிக்கும், பஃபரில் பத்து தடவை அளந்து மூன்று மடங்கு திட்டவிலக்கம் போட்டு வரும் அந்த அழகான பிக்கோமோலார் எண் இல்லை.

அளப்பது

பி.எச். எதில் வைப்பது என்று நீங்களே ஒரு தொடர் ஓட்டி முடிவு செய்யுங்கள். பி.எச். 3-லிருந்து 8 வரை மாற்றி, பீக் எங்கே வருகிறது, எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மருந்தின் பீக் நகர்வதும் பக்கத்துப் புடைப்பு நகர்வதும் ஒரே வேகத்தில் இருக்காது, இரண்டும் நன்றாகப் பிரிந்து நிற்கும் பி.எச்.தான் வேண்டும், பீக் மிக உயரமாக வரும் பி.எச். இல்லை. இதையும் பஃபரில் பார்த்து முடிவெடுக்காமல் மருந்து சேர்த்த சீரத்தில் பாருங்கள்.

ஒட்டவைத்து அளக்கும் முறைதான் இங்கே சரி. 0 வோல்ட்டில் வைத்துக் கரைசலைக் கலக்கிக்கொண்டே 120 நொடி, கலக்குவதை நிறுத்திப் பத்து நொடி, அப்புறம் ஸ்கேன். நேரத்தைக் கூட்டினால் பீக் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது, பரப்பு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சீரத்தில் அந்தக் கட்டம் பஃபரைவிட சீக்கிரம் வரும், ஏனென்றால் மிச்சம் மீதி புரதமும் அதே இடத்துக்குத்தான் போட்டி போடுகிறது.

இந்த ஆக்சிஜனேற்றம் மீளாதது, விளைபொருள் பரப்பிலேயே படிந்துவிடும். ஆகவே ஒரே பரப்பில் இரண்டாவது அளவீடு வேண்டாம். கிளாஸி கார்பனாக இருந்தால் ஒவ்வொரு முறையும் தேய்த்துப் புதிதாகப் பூச வேண்டும், உண்மையைச் சொன்னால் இது முதுகை ஒடிக்கும் வேலை. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் அச்சிட்ட கார்பன் எலக்ட்ரோடு கொஞ்சம் செலவுதான், ஆனால் சீர வேலைக்கு அதுவே புத்திசாலித்தனம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த எலக்ட்ரோடுகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று ஐந்தாறை எடுத்து முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எண்ணாக மாற்றுவது

பஃபரில் போட்ட நேர்கோட்டை வைத்து சீரத்தின் அளவைச் சொல்லாதீர்கள், சாய்வு இரண்டிலும் ஒன்றாக இருக்காது. ஒன்று, வெற்று சீரத்தில் மருந்து சேர்த்து நேர்கோடு போட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மாதிரியிலும் ஸ்டாண்டர்டைச் சேர்த்துச் சேர்த்து அளக்க வேண்டும். இரண்டாவது முறை எப்படிப் போகிறது, எங்கே கவிழ்க்கிறது என்று ஒரு கற்பனை மாதிரியை வைத்துக் காட்டுகிறேன்.

செல்லில் 3 மில்லிலிட்டர். மாதிரியின் பீக் 30 நானோஆம்பியர். 10 மைக்ரோமோலார் ஸ்டாண்டர்டில் 10 மைக்ரோலிட்டர் சேர்க்கிறீர்கள், செல்லில் 33 நானோமோலார் கூடுகிறது. பீக் 51 ஆகிறது. இன்னொரு 10 மைக்ரோலிட்டர், 72. இன்னொன்று, 93. (ஒவ்வொரு சேர்க்கைக்கும் புது எலக்ட்ரோடு, நான்கு பங்காகப் பிரித்து வைத்த மாதிரி.) சாய்வு 33 நானோமோலாருக்கு 21 நானோஆம்பியர், அதாவது நானோமோலாருக்கு 0.636. முப்பதை அதனால் வகுத்தால் 47 நானோமோலார். முப்பது மடங்கு நீர்த்தது, ஆக சீரத்தில் 1.4 மைக்ரோமோலார். 48-வது மணி நேர மாதிரி என்றால் இது எல்லைக்கு மேலே, மருத்துவர் லூகோவோரினைக் கூட்டுவது பற்றி யோசிப்பார்.

இப்போது அதே ஆளின் மருந்து ஏற்றுவதற்கு முந்தைய சீரத்தை ஓட்டுகிறீர்கள், அதே இடத்தில் 10 நானோஆம்பியர் வருகிறது என்று வையுங்கள். அந்தப் பத்து மருந்தினுடையது இல்லை. கழித்தால் 20, வகுத்தால் 31 நானோமோலார், சீரத்தில் 0.94 மைக்ரோமோலார். எல்லைக்குக் கீழே! நேர்கோடு இரண்டு தடவையும் ஒரே நேர்கோடுதான், சாய்வு மாறவில்லை, ஒட்டுறவுக் கெழு 0.999 என்றே வந்திருக்கும். ஸ்டாண்டர்டைச் சேர்க்கும் முறை சீரம் சாய்வை மாற்றுவதைச் சரிசெய்யும், வேறொரு பொருள் தன் மின்னோட்டத்தை அடியில் கூட்டி வைப்பதைச் சரிசெய்யவே செய்யாது. இதனால்தான் முதல் வரியிலிருந்தே வெற்று சீரம், வெற்று சீரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நோயாளிகளோடு வேலை செய்யும் வாய்ப்பு கிடைத்தால் மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த ரத்தத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்த இடத்தில் வேறு யார் யார் வருவார்கள்

கட்டுரைகளில் குறுக்கீட்டுச் சோதனை என்று குளுக்கோஸ், சோடியம், பொட்டாசியம், யூரியா, அஸ்கார்பிக் அமிலம் என்று ஒரு பட்டியல் இருக்கும். முதல் நான்கும் கார்பனில் 0.9 வோல்ட்டில் ஒன்றும் செய்யாது, அவற்றைச் சேர்த்துப் பார்த்து "குறுக்கீடு இல்லை" என்பது சும்மா பக்கத்தை நிரப்புவது. சோதிக்க வேண்டியது அந்த நோயாளியின் உடம்பில் அன்றைக்கு உண்மையில் என்ன ஓடுகிறதோ அதை.

முதலில் லூகோவோரின். அதுவும் ஃபோலேட் குடும்பம், அதுவும் ஆக்சிஜனேறும், கொடுப்பதோ இதே நோயாளிக்கு இதே நேரத்தில். அடுத்தது 7-ஹைட்ராக்சி மெத்தோட்ரெக்சேட், கல்லீரலில் உருவாகும் வளர்சிதைப் பொருள், உயர் அளவு சிகிச்சையில் சில மணி நேரத்துக்குப் பிறகு தாய் மருந்தையே அளவில் மிஞ்சிவிடும். அப்புறம் அல்லோப்யூரினால். ரத்தப் புற்று நோயாளிகளுக்கு யூரிக் அமிலம் ஏறாமல் இருக்க இதைக் கொடுப்பார்கள், அது சாந்தீன் ஆக்சிடேஸைத் தடுத்து யூரிக் அமிலத்தைக் குறைக்கும், நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் யூரிக் அமிலமாக மாறாத சாந்தீனும் ஹைப்போசாந்தீனும் தேங்கும், அவை வருவது மெத்தோட்ரெக்சேட்டின் இரண்டு பக்கத்திலும். ஆரோக்கியமான ஆளின் சீரத்தில் சரியாக வேலை செய்த முறை வார்டிலிருந்து வரும் முதல் மாதிரியிலேயே தடுமாறுவதற்கு இது ஒன்றே போதும். பாராசிட்டமால் 0.4 பக்கம் வரும், அது பரவாயில்லை.

இன்னொரு பொறி குளுக்கார்ப்பிடேஸ். சிறுநீரகம் கைவிட்டு மருந்து வெளியேறாமல் நின்றுவிட்டால் கொடுக்கும் நொதி, அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்றது. அது மெத்தோட்ரெக்சேட்டின் குளுட்டமேட் வாலை வெட்டி டாம்பா என்ற பொருளாக மாற்றும். மருத்துவமனை ஆய்வகங்களில் ஓடும் ஆன்ட்டிபாடி சோதனை டாம்பாவையும் மருந்து என்றே எண்ணி அதிகமாகக் காட்டும், இது தெரிந்த சிக்கல். நம் எலக்ட்ரோடும் இதில் ஏமாறும், ஏனென்றால் வெட்டப்பட்டது வால்தான், எலக்ட்ரானைக் கொடுக்கும் வளையப் பகுதி அப்படியே இருக்கிறது. இந்த நோயாளிகளுக்கு குரோமட்டோகிராஃபியைத் தவிர வேறு வழி இல்லை.

ஆக வெறும் கார்பன் பரப்பு தாய் மருந்து, பேரன், பேத்தி எல்லோரையும் சேர்த்தே எண்ணும். பிரித்தறிய வேண்டுமென்றால் முன்னால் ஒரு எச்.பி.எல்.சி. பத்தியை (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அனுப்பும் குரோமட்டோகிராஃபிக் குழாயை) வைத்துப் பின்னால் எலக்ட்ரோடை வைக்கலாம், அல்லது மருந்தை அடையாளம் கண்டு பிடிக்கும் ஆன்ட்டிபாடியையோ ஆப்டாமரையோ (குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழையையோ) பரப்பில் ஒட்டலாம். கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகக் குழு 2013-ல் ஆப்டாமர் வைத்து டாக்ஸோரூபிசினை உயிருள்ள எலியின் ரத்தத்திலேயே தொடர்ச்சியாக அளந்து காட்டியது. அங்கே அளப்பது மருந்தின் ஆக்சிஜனேற்றத்தை இல்லை, ஆப்டாமரின் நுனியில் கட்டிய மெத்திலின் ப்ளூவின் மின்னோட்டம் மருந்து வந்து ஒட்டும்போது மாறுவதை. சீரத்தின் குப்பையெல்லாம் ஆக்சிஜனேறும் 0.3–1.0 வோல்ட் பக்கமே அது போவதில்லை என்பதுதான் அதன் சாமர்த்தியம்.

சரிபார்ப்பும் கழிவும்

எம்10 கேட்பது இது: பூஜ்ஜியம் தவிர ஆறு அளவுகளில் நேர்கோடு, உண்மையான அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் விலகல், மிகக் குறைந்த அளவில் மட்டும் 20 வரை. ஒதுக்கி வைத்த சிவந்த சீரம், கொழுப்பு மிதக்கும் சீரம் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அதே மாதிரிகளை எல்.சி.–எம்.எஸ். (குரோமட்டோகிராஃபியோடு நிறை நிரலளவியைச் சேர்த்த கருவி) இருக்கும் இடத்துக்கு அனுப்பி ஒப்பிடுங்கள். ஒட்டுறவுக் கெழுவை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள், இரண்டு முறையும் தரும் எண்களின் வித்தியாசத்தை சராசரிக்கு எதிராக வரைந்தால்தான் உங்கள் முறை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று தெரியும். குறைந்த அளவுகளில் மட்டும் உங்கள் எண் கூடுதலாக வந்தால் பெரும்பாலும் அது வெற்று சீரத்தின் மின்னோட்டம், இல்லையென்றால் வளர்சிதைப் பொருள்.

மருந்து பட்ட பிப்பெட் நுனி, அச்சிட்ட எலக்ட்ரோடு, சீரக் குழாய் எதுவும் சிங்க்குக்கோ சாதாரணக் குப்பைத் தொட்டிக்கோ போகக் கூடாது. 2016-ம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளில் செல்கொல்லி மருந்துக் கழிவு மஞ்சள் பிரிவு, 1,200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டியது. பையில் செல்கொல்லி மருந்து என்ற அடையாளச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அசிட்டோநைட்ரைல் கலந்த திரவத்தைத் தனிப் பாட்டிலில் சேர்த்து, உள்ளே மெத்தோட்ரெக்சேட் இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள், கரைப்பான் கழிவு எடுக்க வருபவருக்கு அது தெரிய வேண்டும்.